கப்பில் ஆறு மில்லிமீட்டர் துளை: ஹெட்போன் ஒயரைக் கழற்றி மாட்டும்படி மாற்றிய வேலை

ஹெட்போனில் பாட்டு ஓடுகிறது. வயலினும் கோரஸும் எதிரொலியும் எங்கோ தூரத்தில் கேட்கின்றன. பாடகரின் குரலை மட்டும் காணவில்லை. இப்படி ஆனால் உள்ளே ஸ்பீக்கர் போய்விட்டது என்று முடிவுகட்டிக் குப்பையில் போட வேண்டாம். பெரும்பாலும் அறுந்திருப்பது ஒரே ஒரு கம்பிதான். இடது ஸ்பீக்கருக்குப் போன மின்னோட்டமும் வலது ஸ்பீக்கருக்குப் போன மின்னோட்டமும் திரும்பி வருவதற்குப் பொதுவாக ஒரு கிரவுண்ட் கம்பி இருக்கிறது. அது அறுந்தால் இரண்டு ஸ்பீக்கர்களும் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடர் இணைப்பில் மாட்டிக்கொள்கின்றன. அப்போது இரண்டு பக்கமும் சமமாக வரும் ஒலி தன்னைத்தானே அழித்துக்கொள்கிறது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மட்டும் மிஞ்சுகிறது. பாடகரின் குரலை நடுவில் நிறுத்தி இரண்டு பக்கமும் சமமாகக் கொடுப்பதுதான் ஒலிப்பதிவு வழக்கம் என்பதால் முதலில் காணாமல் போவது அதுதான்.

செங்கோட்டையில் எங்கள் வீட்டுக்கு அடுத்த தெருவில் சிறிய ஒலிப்பதிவு அறை ஒன்று இருக்கிறது. நடத்துகிறவர் எனக்கு மூத்தவர். அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவேன். மலையைத் தாண்டினால் ஆரியங்காவு, அச்சன்கோவில் என்று ஐயப்பன் கோயில்கள் இருப்பதால், கார்த்திகையில் மாலை போடுகிறவர்களுக்கான பாடல்கள் இங்கே ஆவணியிலேயே பதிவாகத் தொடங்கிவிடும். ஒரே மெட்டைத் தமிழில் ஒரு முறையும் மலையாளத்தில் ஒரு முறையும் பாடிக் கொடுத்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு. அப்படி வந்த ஒருவர் பாதியில் நிறுத்தி, தன் குரல் தனக்கே கேட்கவில்லை என்று சொன்னார். அண்ணாச்சி ஹெட்போனைச் சுருட்டி என்னிடம் கொடுத்தனுப்பினார்.

அது காதை முழுவதும் மூடும் வகை. ஸ்பீக்கரின் மின்தடை 80 ஓம். மூன்று மீட்டர் நீளமான ஒயர் இடது கப்பின், அதாவது இடது காதை மூடும் கிண்ணத்தின், அடியில் நிரந்தரமாக உள்ளே போகிறது. தயாரிப்பு நிறுவனத்தின் பெயர் இங்கே வேண்டாம். ஒயரைத் தவிர மற்றெல்லாம் பல வருடங்கள் உழைத்திருக்கிற நல்ல பொருள்.

மின்தடையை அளக்கும் மல்டிமீட்டரை எடுத்து, ஒயரின் முனையில் கருவிக்குள் செருகும் பின்னில் வைத்தேன். பின்னின் நுனி இடது, நடு வளையம் வலது, அடிப்பகுதி கிரவுண்ட். நுனிக்கும் அடிக்கும் இடையே 80 ஓம்முக்குச் சற்றுக் குறைவாகக் காட்ட வேண்டும்; வளையத்துக்கும் அடிக்கும் இடையே அதே அளவு. இரண்டிலும் ஒன்றும் வரவில்லை. நுனிக்கும் வளையத்துக்கும் இடையே வைத்தால் 160க்கு அருகில் வருகிறது. ஆக, இரண்டு ஸ்பீக்கரும் நலம்; கிரவுண்ட் மட்டும் எங்கோ துண்டு. எங்கே என்று தேட வேண்டிய அவசியமே இல்லை. மீட்டரை வைத்துக்கொண்டே ஒயரை மெல்ல வளைத்துக்கொண்டு போனால், கப்பினுள் நுழையும் ரப்பர் கழுத்தில் வந்ததும் எண் துள்ளுகிறது. செருகும் பின்னை ஒட்டி ஒரு இடம், கப்பின் கழுத்தை ஒட்டி ஒரு இடம், இவை இரண்டில் ஒன்றில்தான் ஹெட்போன் ஒயர் அறும். நடுவில் அறுந்து நான் பார்த்ததில்லை, நாற்காலிச் சக்கரம் ஏறினால் ஒழிய.

அந்தக் கழுத்தில் ஏற்கெனவே ஒருமுறை வெட்டி ஒட்டிய தடம் இருந்தது. இன்னொரு முறை இரண்டு அங்குலம் வெட்டிப் பற்றவைத்தால் இன்னொரு வருடம் ஓடும். ஆனால் வளைவு முழுவதும் ஒரே புள்ளியில் விழுகிறவரை அறுவதும் அதே புள்ளியில்தான். எங்கள் ஊரில் இன்னொரு எதிரியும் உண்டு. ஆரியங்காவுக் கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று இறங்கும் ஆனி, ஆடியில் வீட்டுக்குள்ளேயே எல்லாம் நமுத்துக் கிடக்கும். குற்றாலத்துக்குக் குளிக்க வருகிறவர்களுக்கு அது சாரல். செம்பு இழைக்கு அது ஈரம். பாடுகிறவர்களின் கழுத்து வியர்வையும் சேர்ந்துகொண்டதில், ரப்பரை அறுத்துப் பார்த்தபோது இழைகள் செம்பு நிறமே இல்லாமல் கறுத்திருந்தன. கறுத்த இழையில் ஈயம் பிடிக்காது. நல்ல செம்பு வரும்வரை வெட்டிக்கொண்டே போக வேண்டும்.

ஆகவே கப்பில் ஒரு ஜாக், அதாவது பின்னைச் செருகும் துளை, வைத்துவிடுவது, ஒயர் தேயும் பொருளாகவே இருந்துவிட்டுப் போகட்டும் என்று தீர்மானித்தேன்.

எந்த ஜாக் என்பதில்தான் இந்த வேலையின் சாரம் இருக்கிறது. தொழிற்சாலையிலேயே கழற்றும் ஒயரோடு வருகிற ஹெட்போன்கள் ஒவ்வொன்றும் ஒரு வழி. ஏகேஜி கே240 மூன்று முள் கொண்ட மினி எக்ஸ்எல்ஆர், அதாவது மைக் ஒயர்களில் வரும் எக்ஸ்எல்ஆர் இணைப்பின் சிறிய வடிவம், வைத்திருக்கிறது. மாட்டினால் க்ளிக் என்று பூட்டிக்கொள்ளும், இழுத்தால் வராது. சென்ஹைசர் எச்டி 600 இரண்டு கப்பிலும் இரண்டு முள் கொண்ட தனக்கே உரிய பின்னை வைத்திருக்கிறது. ஆடியோ டெக்னிக்கா எம்50 முதலில் நிரந்தர ஒயரோடு வந்தது. 2014இல் எம்50எக்ஸ் ஆனபோது 2.5 மில்லிமீட்டர் பின்னைச் செருகித் திருகிப் பூட்டும் ஏற்பாட்டுக்கு மாறியது. காதுக்குள் போடும் இயர்போன்களில் எம்எம்சிஎக்ஸ் என்ற பொத்தான் அளவு இணைப்பு வருகிறது. பிலிப்ஸ் எஸ்எச்பி9500 மட்டும் சாதாரண 3.5 மில்லிமீட்டர் துளையை வைத்துவிட்டுச் சும்மா இருக்கிறது.

வேலைப்பாடு என்று பார்த்தால் மினி எக்ஸ்எல்ஆர்தான் உயர்ந்தது. பூட்டு இருக்கிறது, தொடுமுனைகள் உறுதி, மாட்டும்போது இடதும் வலதும் ஒன்றோடொன்று உரசிக்கொள்ளாது. நான் வைக்கவில்லை. தென்காசியில் உதிரிபாகம் விற்கும் கடையில் அதைக் கேட்டால் மைக்கின் பெரிய எக்ஸ்எல்ஆரை எடுத்துப் போடுகிறார்கள். மலைக்கு மேற்கே புனலூர்க் கடையிலும் அதே கதை. ஜாக்கை இணையத்தில் வரவழைத்துவிடலாம். ஆனால் அடுத்த ஐப்பசியில் ஒயர் அறுந்தால்? பாடகர் மைக் முன்னால் நிற்க, அண்ணாச்சி கூரியருக்குக் காத்திருக்க முடியாது. அப்புறம் கழற்றும் ஒயர் வைத்து என்ன பயன்? 3.5 மில்லிமீட்டருக்கு இரு முனையிலும் பின் வைத்த ஆக்ஸ் ஒயர் புளியரை சோதனைச்சாவடிக்கு இந்தப் பக்கம் எந்த மொபைல் கடையிலும் தொங்குகிறது, அந்தப் பக்கமும் தொங்குகிறது. சோனி வாக்மேன் 1979இல் வந்து இந்தச் சின்னப் பின்னை உலகம் முழுவதும் பரப்பிவிட்டுப் போனதன் பலனை செங்கோட்டை அனுபவிக்கட்டும்.

பூட்டு இல்லாததைக் குறை என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். பாடகர் கழற்றாமலேயே நாற்காலியிலிருந்து எழுந்து நடந்துவிடும் அறையில் நான் அதை நிறை என்பேன். ஒயர் இழுபட்டால் பின் உருவிக்கொண்டு வந்துவிடும். ஹெட்போன் கீழே விழாது. மேடையில் ஆடிக்கொண்டே வாசிக்கிறவருக்கு என்றால் மினி எக்ஸ்எல்ஆர் வைத்துக் கொடுப்பேன்.

ஜாக் வாங்கும்போது கவனிக்க வேண்டியவை சில உண்டு. சுவரில் பொருத்துவதற்கான, கழுத்தில் மரையும் அதற்கு ஒரு நட்டும் உள்ள வகை வேண்டும். போர்டில் பற்றவைக்கும் சதுர வகை இதற்கு ஆகாது. மரைக் கழுத்தின் விட்டம் ஆறு மில்லிமீட்டர் இருக்கும். சிலவற்றில் மூன்று கால், சிலவற்றில் ஐந்து. ஐந்து கால் உள்ளதில் கூடுதல் இரண்டும், பின் செருகினால் விலகிக்கொள்ளும் சுவிட்ச் முனைகள். பழைய ரேடியோக்களில் ஹெட்போன் மாட்டினால் ஸ்பீக்கர் அணைவது அதனால்தான். நமக்கு மூன்று கால் போதும். உடம்பு நாற்புறமும் மூடிய பிளாஸ்டிக்காக இருந்தால் உத்தமம். ஏன் என்பது பின்னால் வரும். விலை ஒரு டீ, வடைக்கு மேல் போகாது. ஆகவே இரண்டு வாங்கிக்கொள்ளலாம்.

எந்தக் கால் எதற்கு என்பதைக் கடைக்காரரிடம் கேட்டு நம்ப வேண்டாம், இணையத்துப் படத்தையும் நம்ப வேண்டாம். ஒவ்வொரு தயாரிப்பாளரும் காலை ஒவ்வோர் இடத்தில் நிறுத்துகிறார்கள். ஓர் ஆக்ஸ் ஒயரைச் செருகி, மறுமுனையின் நுனி, வளையம், அடி என்று மீட்டரின் ஒரு கம்பியை வைத்து, மறு கம்பியால் ஒவ்வொரு காலாகத் தொட்டுப் பார்த்துப் பேனாவால் குறித்துக்கொண்டால் தகராறு இல்லை.

இனி கப்பைத் திறப்பது. காதுமெத்தையின் தோல் விளிம்பு கப்பின் ஓரத்துப் பள்ளத்தில் செருகியிருக்கும். ஒரு பக்கத்திலிருந்து மெல்ல உருவிக்கொண்டு வர வேண்டும். பழைய மெத்தை என்றால் தோல் உரிந்து கறுப்புச் செதிலாகக் கையில் ஒட்டும்; அதற்கும் ஒரு ஜோடி வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. அடியில் திருகுகள். எடுத்ததும் ஸ்பீக்கர் தட்டு தனியாக வரும். வந்தவுடன் இழுத்துவிடக் கூடாது. உள்ளே மெல்லிய கம்பிகள் பிடித்துக்கொண்டிருக்கின்றன. முதலில் போனில் படம் எடுத்தேன்: எந்த நிறக் கம்பி எந்த முனையில், பஞ்சு எந்தப் பக்கம், துளைகளில் ஒட்டியிருக்கும் காகிதம் எங்கே. அந்தக் காகித வட்டங்களும் பஞ்சும் அலங்காரத்துக்கு வைத்தவை அல்ல. கப்பினுள் காற்று எவ்வளவு நகர வேண்டும் என்று கணக்குப் பார்த்து வைத்தவை. கிழிந்தால் ஒலியின் குணமே மாறிவிடும்.

ஒரு பக்கம் மட்டும் ஒயர் நுழையும் ஹெட்போனில் இடது கப்பு ஒரு சந்திப்பு நிலையம். வெளியிலிருந்து மூன்று கம்பிகள் வருகின்றன. இடதும் கிரவுண்டும் இங்கேயே ஸ்பீக்கரில் சேர்ந்துவிடுகின்றன. வலதும் கிரவுண்டின் ஒரு கிளையும் தலைப்பட்டை வழியாக மறுபக்கம் போகின்றன. தலைப்பட்டைக் கம்பியைத் தொடத் தேவையே இல்லை. இந்த மாற்று வேலை முழுவதும் இடது கப்பிலேயே முடிந்துவிடுகிறது என்பது பெரிய ஆறுதல்.

ஸ்பீக்கரின் இரண்டு முனைகளிலும் இருந்த பற்றை இளக்கிக் கம்பியை விடுவித்து, ஸ்பீக்கர் தட்டை மூடியுள்ள ஒரு டிபன் டப்பாவில் போட்டு அலமாரியில் வைத்துவிட்டேன். எவர்சில்வர் டப்பா வேண்டாம், பிளாஸ்டிக் போதும். துளையிடும் மேசையில் அது இருக்கவே கூடாது. ஸ்பீக்கரின் பின்புறம் இருப்பது சக்திவாய்ந்த காந்தம். அரத்திலிருந்தும் ட்ரில்லிலிருந்தும் உதிரும் இரும்புத்தூளைக் கூப்பிட்டு வைத்துக்கொள்ளும். ஒரு துகள், அதிர்ந்து ஒலி எழுப்பும் மெல்லிய சவ்வுக்கும் காந்தத்துக்கும் இடையே போய் உட்கார்ந்தால் ஆயுளுக்கும் கரகரப்புதான். காந்தம் சால்டரிங் அயர்ன் நுனியையும் இழுக்கும். பற்றவைக்கும்போது கை எதிர்பாராமல் ஓர் அங்குலம் நகர்ந்துவிடும். இடது கையை மேசையில் ஊன்றிக்கொண்டு, வலது மணிக்கட்டை அதன்மேல் வைத்து வேலை செய்வது நல்லது.

துளைக்கு முன்னால் அளவு. ஜாக்கின் உடம்பு கப்பினுள்ளே ஒன்றரை சென்டிமீட்டர் போல நீட்டிக்கொண்டு நிற்கும். தட்டை மூடினால் காந்தத்தின் முதுகில் இடிக்குமா என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. பிள்ளைகள் விளையாடும் களிமண்ணில் ஓர் உருண்டை எடுத்து, ஜாக் வரப்போகும் இடத்தில் வைத்து, மேலே மெல்லிய பிளாஸ்டிக் தாளை விரித்து, தட்டை மெதுவாகப் பொருத்தி எடுத்தேன். நசுங்கி நிற்கும் களிமண்ணின் கனம்தான் உள்ளே இருக்கும் இடம். பழைய ஒயர் நுழைந்த இடத்திலேயே, கொஞ்சம் பின்பக்கம் சாய்த்தால், ஜாக் தாராளமாக உட்காரும் என்று தெரிந்தது. மெதுவாக என்று சொன்னது காரணத்தோடுதான். மூடிய கப்பில் தட்டைப் படாரென்று அழுத்தினால் உள்ளே சிக்கிய காற்று சவ்வைத் தள்ளி மடக்கிவிடும். அந்த மடிப்பை எடுக்க ஆயிரம் வழி சொல்வார்கள். எதுவும் பழையபடி ஆகாது.

பழைய துளை நீள்வட்டம், ஐந்து மில்லிமீட்டர் போல. அதை ஆறு ஆக்க மின்சார ட்ரில்லை எடுக்கவில்லை. பிளாஸ்டிக் சூட்டில் உருகி ட்ரில் பிட்டைக் கவ்விக்கொள்ளும், பிறகு கப்பு மொத்தமாகச் சுழலும். வெளிப்புறம் ஒட்டுத்தாள் ஒட்டி, சின்ன உருண்டை அரத்தால் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்து, கடைசியில் ஆறு மில்லிமீட்டர் பிட்டைக் கையிலேயே பிடித்துத் திருகி வட்டமாக்கினேன். பொறுமை வேண்டும். அடிக்கடி ஜாக்கை வைத்துப் பார்க்க வேண்டும். சற்று இறுக்கமாக நிற்பது நல்லது.

இங்கே ஒரு தடை வரும்; ஏறக்குறைய எல்லா ஹெட்போனிலும் வரும். ஜாக்கின் மரைக் கழுத்து மெல்லிய தகட்டுக்காகச் செய்தது. கப்பின் சுவரோ ஒயர் நுழையும் இடத்தில் மட்டும் பலத்துக்காகக் கனமாக வார்க்கப்பட்டிருக்கும். நட்டு பிடிக்க வெளியே மரையே மிஞ்சாது. உட்புறத்தில், ஜாக்கின் தோள் உட்காரும் அளவுக்குக் கத்தியால் சீவிச் சுவரை இரண்டு மில்லிமீட்டர் கனத்துக்குக் குறைக்க வேண்டியிருந்தது. வெளிப்புறத்தில் குறைத்தால் அசிங்கமாக இருக்கும். உள்ளே எப்படி இருந்தால் யார் பார்க்கப் போகிறார்கள்? முடிந்ததும் கப்பை ஈரத்துணியால் துடைத்து, காய்ந்தபின் செல்லோடேப்பைப் பசைப்பக்கம் வைத்து ஒற்றி ஒற்றி எடுத்தேன். கண்ணுக்குத் தெரியாத சீவல்கள் அதில்தான் வருகின்றன.

பற்றவைப்பு சுலபமான பாகம். 25 வாட் அயர்ன், 60க்கு 40 ஈயம். நுனிக் காலிலிருந்து ஒரு மெல்லிய கம்பி இடது ஸ்பீக்கருக்கு; வளையக் காலில் தலைப்பட்டைக்குப் போகும் வலது கம்பி; கிரவுண்ட் காலில் இரண்டு கிளைகள். ஜாக்கின் கால்களில் முதலில் பற்றவைத்து, சூடு ஆறியபின் பின் செருகிச் சோதித்து, அதன் பிறகே ஜாக்கைக் கப்பில் பொருத்த வேண்டும். கப்பில் வைத்துப் பற்றவைத்தால் சூடு கழுத்து வழியாக இறங்கிப் பிளாஸ்டிக்கை இளக்கும். ஸ்பீக்கரின் முனைகளில் அயர்ன் இரண்டு விநாடிக்கு மேல் நிற்கக் கூடாது. அங்கிருந்து ஸ்பீக்கரின் உள்ளிருக்கும் கம்பிச் சுருளுக்குப் போகும் கம்பி தலைமுடியை விட மெல்லியது. முனையைத் தாங்கும் பிளாஸ்டிக் இளகினால் அதுவும் அறுந்துபோகும். கம்பியிலும் முனையிலும் முன்கூட்டியே ஈயம் பூசி வைத்துக்கொண்டால் தொட்ட மாத்திரத்தில் பிடித்துக்கொள்ளும். சால்டரிங் பேஸ்ட் என்று சின்னத் தகர டப்பாவில் விற்பதில் ரோசின் வகையை மட்டும் வாங்க வேண்டும். தகரப் பாத்திரத்துக்குப் பற்றுவைக்கும் அமில வகை, அன்றைக்கு நன்றாகப் பிடித்துவிட்டு, சாரல் காலம் வந்ததும் முனையை அரிக்க ஆரம்பிக்கும்.

இப்போது அடைப்பு. இந்த மாற்றத்தைச் செய்துவிட்டு "ஒலி மெலிந்துவிட்டது, ஜாக் தரம் சரியில்லை" என்று சொல்கிறவர்கள் தவறவிடும் இடம் இதுதான். மூடிய கப்பு ஹெட்போனில் கனத்த ஒலி வருவது உள்ளே காற்று அடைபட்டிருப்பதால். சைக்கிள் ட்யூபில் ஊசித் துளை போல, ஜாக்கின் ஓரத்தில் முடி அளவு இடைவெளி இருந்தாலும் கீழ்ச்சுருதி ஒலி அதன் வழியே ஒழுகிவிடும். ஓரத்தை அடைத்தால் போதாது. ஜாக்கே ஒரு குழாய். திறந்த உடம்பு வகையானால் பின் செருகும் துளை வழியாகவே காற்று உள்ளிருந்து வெளியே போகும். மூடிய உடம்பு ஜாக்கைத் தேடச் சொன்னது அதனால்தான்.

எனக்குக் கிடைத்தது பாதி மூடியது. அதற்குச் செய்த வழி: பழைய பின் ஒன்றில் துளி வாஸ்லின் தடவி ஜாக்கில் முழுவதும் செருகி வைத்தேன். பின் இருந்தால்தான் உள்ளே உள்ள வில்தகடுகள் விலகிய நிலையில் நிற்கும். பிறகு உடம்பைச் சுற்றி ஒரு சுற்று டேப். அதன்மேல், பிசைந்து வைத்தால் கல்லாக இறுகும் எம்-சீல் மாவைப் பிசைந்து ஜாக்கின் முதுகையும் கப்புச் சுவரையும் சேர்த்து ஒரே மேடாக அப்பினேன். டேப் இல்லாமல் அப்பினால் மாவு வில்தகடுகளுக்குள் இறங்கி இறுகிவிடும். பின்னை எடுத்தால் அவை திரும்பாது. இந்த மேடு காற்றை அடைப்பதோடு, ஜாக் சுழலாமலும் பிடித்துக்கொள்கிறது. இரவு முழுவதும் இறுக விட்டேன். சூப்பர் க்ளூ இந்த இடத்துக்கு வேண்டவே வேண்டாம். அதன் ஆவி வெண்பொடியாகப் படிந்துவிடும், ஸ்பீக்கர் சவ்வின் மீதும்.

வெளி நட்டுக்கு ஒரு துளி நகப்பூச்சு. அடிக்கடி செருகி எடுக்கும் ஜாக்கில் நட்டு தளர்வது நிச்சயம். பூச்சு அதைப் பிடித்து நிறுத்தும், வேண்டியபோது குறடு வைத்துத் திருகினால் விட்டுவிடும். வீட்டில் இருந்தது இளஞ்சிவப்பு. அண்ணாச்சி அதைப் பற்றி இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

மூடுவதற்கு முன் ஒரு சோதனை, மூடியபின் இரண்டு. முன்னது மீட்டர்: நுனி–அடி, வளையம்–அடி இரண்டும் 80க்குச் சற்றுக் கீழே சமமாக வந்தன. மூடியபின் முதலாவது, ஒரே குரலை இரண்டு பக்கமும் சமமாக அனுப்பும் மோனோ பதிவு. குரல் தலையின் நடுவில் நின்றால் இரு ஸ்பீக்கரும் ஒரே திசையில் அசைகின்றன. நடுவில் நிற்காமல் தலையைச் சுற்றிப் பரவி, கனமும் குறைந்தால் ஒரு பக்கம் கம்பி மாறியிருக்கிறது. இடது ஸ்பீக்கரின் இரண்டு கம்பியையும் இடம் மாற்றினால் சரியாகும். இரண்டாவது, 40 ஹெர்ட்ஸ் ஒலி. போனில் அலைவெண் எழுப்பும் செயலிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. வேலை செய்த இடது பக்கமும் தொடாத வலது பக்கமும் ஒரே அளவில் உறுமினால் அடைப்பு சரி. இடது மெலிந்தால் கசிவு இருக்கிறது. திறந்து மாவை அப்ப வேண்டியதுதான். கண்ணாடி போட்டுக்கொண்டு இதைச் சோதிக்கக் கூடாது. கண்ணாடிக் கால் மெத்தையைத் தூக்கிக் கசிவை உண்டாக்கி, இல்லாத குற்றத்தைக் காட்டும்.

ஒயர் வாங்கப் போனால், கடையில் தொங்குகிறதெல்லாம் நமக்கு ஆகாது. முதலாவது, பின்னில் கறுப்பு வளையங்கள் இரண்டு இருக்க வேண்டும். மூன்று இருந்தால் அது மைக்கும் சேர்ந்த நான்கு முனைப் பின். இன்றைய போன்களில் அதன் வரிசை இடது, வலது, கிரவுண்ட், மைக். நம்முடைய ஜாக்கின் அடித் தொடுமுனை கிரவுண்டைத் தொடாமல் கடைசியில் இருக்கும் மைக்கைத் தொட்டுவிடும். அப்போது கிரவுண்ட் இல்லாத நிலை. முதல் பத்தியில் சொன்ன அதே குரல் மறையும் வித்தை. ஒயரின் நடுவில் பேச்சுப் பொத்தான் இருந்தால் அதை அழுத்திப் பாருங்கள்: மைக்கும் கிரவுண்டும் சேர்வதால் பாடகர் சட்டென்று திரும்பி வருவார், விட்டால் போய்விடுவார்.

இரண்டாவது, பின்னின் தலை. சில ஒயர்களில் அது கட்டைவிரல் தடிமனுக்கு இருக்கிறது. நம் ஜாக் கப்பின் அடியில் சமதளமாக உட்கார்ந்திருந்தால் பிரச்சினையில்லை; குழிக்குள் உட்கார்ந்திருந்தால் பின் முழுவதும் இறங்காது. மூன்றாவது, கப்புப் பக்கத்துக்கு எல் வடிவப் பின் மேல். நேரான பின் கீழே நீட்டிக்கொண்டு தலையைத் திருப்பும்போதெல்லாம் தோளில் இடித்து ஜாக்கை நெம்பும்.

மெல்லிய ஒயர் ஒலியைக் கெடுக்குமா என்று கேட்பார்கள். மலிவான ஆக்ஸ் ஒயரின் கிரவுண்டை அளந்தால் அரை ஓம் வரை வரலாம்; அளக்கும்போது மீட்டர் கம்பிகளின் சொந்தத் தடையைக் கழித்துவிட வேண்டும். கிரவுண்டில் தடை இருந்தால் இடது பக்க ஒலி கொஞ்சம் வலதிலும் கசியும். 80 ஓம் ஸ்பீக்கருக்கு முன்னால் அரை ஓம் ஒன்றுமே இல்லை. 16 ஓம் இயர்போன் என்றால் யோசிக்கலாம். ஒலி மென்மையாகிறது, கூர்மையாகிறது என்று ஆயிரக்கணக்கில் விலை சொல்லி விற்கும் ஒயர்களைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது. செம்பு செம்புதான். பணத்தை வளைந்து கொடுக்கும் மேலுறைக்கும் உறுதியான பின்னுக்கும் கொடுங்கள். அதேபோல, இடது வலது இரண்டுக்கும் தனித்தனி கிரவுண்ட் இழுத்து நான்கு கம்பியாகச் செய்து தரச் சொல்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: அதற்குத் தலைப்பட்டைக் கம்பியையும் மாற்ற வேண்டும், அப்படி ஓட்டும் கருவியும் உங்களிடம் இருக்க வேண்டும். அண்ணாச்சியின் மிக்சரில், அதாவது அவர் ஒலிகளைக் கலக்கும் கருவியில், அந்த வசதி இல்லை. 6.35 மில்லிமீட்டர் துளைக்கு ஒரு அடாப்டர் போட்டால் அவர் வேலை முடிந்தது.

எல்லா ஹெட்போனுக்கும் இதைச் செய்து தர மாட்டேன். வாரண்டி மிச்சமிருப்பதைத் தொடுவதில்லை. திறந்த கணமே அது போய்விடும். மடித்துப் பையில் வைக்கும் மெல்லிய வகைகளில் ஜாக் நிற்க இடமே இருக்காது. அவற்றுக்கு நான்கு அங்குல ஒயரைக் கப்பிலிருந்து வெளியே விட்டு, அதன் முனையில் பின் செருகும் பெண் சாக்கெட்டைப் பற்றவைத்துத் தொங்கவிடலாம். அழகில்லை. ஆனால் கப்பில் துளை போடாமல் அறும் இடத்தை வெளியே கொண்டுவந்துவிடும் வழி அது.

பழைய மூன்று மீட்டர் ஒயரின் கழுத்துப் பக்கம் கறுத்த பாகத்தை வெட்டியதும் மீதி நன்றாகவே இருந்தது. அதற்கு இரு முனையிலும் பின் வைத்தேன். இதில்தான் அயர்னுக்கு உண்மையான வேலை. உள்ளே இருக்கும் இழைகள் சிவப்பு, பச்சை, செம்பு என்று நிறமிட்டவை; அந்த நிறமே மின்காப்பு வார்னிஷ். நடுவில் பலத்துக்காக நைலான் நாரும் ஓடுகிறது. இழையை அப்படியே ஈயத்தில் வைத்தால் உருண்டு விழும். பார்க்கப் பிடித்ததுபோல் இருந்தாலும் மீட்டரில் ஒன்றும் வராது. நாரைப் பிரித்து வெட்டிவிட்டு, இழைகளை முறுக்கி, பேஸ்ட் தொட்டு, அயர்ன் நுனியில் பெரிய ஈயத் துளி வைத்து அதற்குள் இழை நுனியை ஓரிரு விநாடி முக்கி வைத்தால் வார்னிஷ் புகைந்து விலகும், ஈயம் ஏறும். ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்ய வேண்டிய வேலை. தீக்குச்சியால் கொளுத்துகிறவர்கள் இழையைக் கருக்கிவிடுகிறார்கள்; அப்புறம் உப்புத்தாள் வைத்துத் தேய்த்தால் பாதி இழை கையோடு வந்துவிடும். சிவப்பு வலது, பச்சை இடது, செம்பு கிரவுண்ட் என்பது பொதுவான வழக்கம்தான் என்றாலும் மீட்டரால் உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

அந்தப் பழைய ஒயரைக் கடை ஒயருக்கு மாற்றாக இருக்கட்டும் என்று கொண்டுபோய்க் கொடுத்தேன். அண்ணாச்சி இரண்டையும் மாட்டிப் பார்த்துவிட்டு, வளைந்து கொடுக்கிற பழையதை மிக்சரிலேயே விட்டுவிட்டார். கடை ஒயர் கீபோர்டு வாசிக்க வருகிறவர்களுக்குப் போகிறது.